பேருக்கு நேரே சுழி

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்கான பட்டியல் வந்துவிட்டது. மாலை ஆறு மணி, ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. பதினாலு வரி. பதினொன்றில் என் பெயர்.

0515 தேத்தண்ணி – கேத்லீன்
0530 சட்டை இஸ்திரி – கேத்லீன்
0600 பசியாறல் செய்தல் – கேத்லீன்
0630 பசியாறுதல் – ஜூலியஸ்

சாப்பிடுவதற்கும் ஒரு வரி! ஆண்டவரே, இந்தப் புருஷனை என்ன செய்வது?

இருபத்தொன்பது வருஷம் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, ஆள்கணக்கு எழுதும் உத்தியோகம். விடியும் முன்னே பிரட்டில், தொழிலாளர் வரிசைக்கு முன்னால், நின்று பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை, எவனுக்கு என்ன வேலை என்று பிரித்துவிட்டே பழகியவர். ஏப்ரலில் ஓய்வு. தோட்டத்து வீட்டைக் காலி செய்து அலோர் காஜாவில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். கட்டில், பீரோ, பாத்திரங்களோடு பிரட்டையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது.

மே மாதம் கோலாலம்பூரிலிருந்து வந்த ஜோஷுவா, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று இதைச் செய்து கொடுத்தான். "அப்பாவுக்கு ஆப் எல்லாம் சரிப்படாதுமா. வெறும் டெக்ஸ்ட் ஃபைல் போதும். தேதி, நேரம், வேலை, பேர். ஒரு வேலைக்கு ஒரு வரி. ரெண்டு பேர் ஃபோன்லயும் தெரியும், ரெண்டு பேரும் எழுதலாம்." சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த பிள்ளை.

இதை நான் ஃபோனில் எழுதவில்லை. நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் மிஞ்சிய எழுத்துப் பயிற்சிப் புத்தகம், அதில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஃபோனில் எழுதினால் தேடிப் படித்துவிடுவார்.

ஜூன் 11, புதன்

தேத்தண்ணி 0522க்குத்தான் கொடுத்தேனாம். ஏழு நிமிஷம் தாமதம் என்று பக்கத்தில் குறித்திருக்கிறார்.

ஜூன் 14, சனி

இன்றைக்கு டிப்ளோமா வகுப்புக்குப் போகவில்லை. போகவிடவில்லை.

அவருடைய அக்கா அருளம்மாள் ஜாசினில் புது வீட்டுக்கு மாறுகிறார். நேற்று மாலை ஆறு மணிக்கு வரி வந்தது: 0700–1800 அக்கா வீடு மாற்றல் – கேத்லீன். "எனக்கு வகுப்பு இருக்கே" என்றேன். "ஒரு நாள்தானே லா. அக்கா தனியா என்ன செய்வாங்க?" என்றார். அக்காவுக்கு இரண்டு மருமகள்கள். இருவரும் செருப்பைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை. பாத்திரம் கழுவி, அலமாரி துடைத்து, இருபது பேருக்குச் சோறு வடித்தது நான். இவர் வாசலில் நாற்காலி போட்டு லாரிக்காரனுக்கு வழி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்துக் குறித்தார். தோட்டத்துச் செக்ரோலில், வருகைப் பதிவேட்டில், போடுவது போலவேதான். முழுதாகச் செய்தால் 1, பாதி செய்தால் ½, செய்யாவிட்டால் சுழி. என் பேருக்கு நேரே 1. முழு நாள் கொடுத்துவிட்டார், மகராசன்.

ஜூன் 18, புதன்

பாலர் பள்ளி முதலாளியம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஜனவரியிலிருந்து டிப்ளோமா இல்லாதவங்க கிளாஸ்ல நிக்க முடியாது. வேணும்னா சமையலறையில உதவிக்கு இருக்கலாம்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மற்ற மூன்று பேரிடமும் டிப்ளோமா இருக்கிறது. ஷாந்தினிக்கு இருபத்தெட்டு வயசு, வரும்போதே கொண்டுவந்தாள். பத்தொன்பது வருஷமாக என்னை டீச்சர் என்று கூப்பிட்ட வாய்கள் எத்தனை! பசாரில் மீசை வைத்த பையன்கள்கூட நின்று "டீச்சர்" என்கிறார்கள். ஜனவரியில் நான் மைலோ கலக்கும் ஆயாவா?

மூன்று செமஸ்டர் முடித்துவிட்டேன். இது கடைசி. மலாக்காவில், சனிக்கிழமைதோறும் ஒன்பது முதல் நாலு வரை, மொத்தம் பதின்மூன்று வகுப்பு. மூன்று விட்டால் பரவாயில்லை. நாலாவது விட்டால் அடுத்த வருஷம் திரும்ப முதலிலிருந்து. ஒன்று போய்விட்டது.

அவர் வேலையில் இருந்த வரைக்கும் சனிக்கிழமை நான் எங்கே போகிறேன் என்றே அவருக்குத் தெரியாது. அந்தக் காலமே நல்ல காலம்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று வகுப்புக்குப் போனேன். பலன்: நேற்றைய ஆறு வரிகளுக்கு நேரே ஆறு சுழி. இன்றைக்கு ஏழு சட்டையில் நாலு இஸ்திரி போட்டேன், பிறகு பூசைக்கு நேரமாகிவிட்டது. அதற்கு ½.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று அவருக்குப் புரியாது. அவர் பிரட்டில் பெயர் கூப்பிட்ட பக்கம் நின்றவர். என் அம்மாவும் அப்பாவும் கூப்பிடுகிற பெயருக்கு "ஐயா" என்று பதில் சொன்ன பக்கம் நின்றவர்கள். அம்மா ஒருநாள் காய்ச்சலோடு போய்ப் பாதியில் திரும்பி வந்தாள். அரை நாள் போட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள், காய்ச்சலுக்கு அழவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிவந்து, அவளுக்கே ½ போடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா உங்களுக்கு? – கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். பெரிய வீராங்கனை நான்.

ஜூன் 28, சனி

இரண்டாவதும் போச்சு. தாமான் ஜெபக்குழுவுக்கு அவர் தலைவராம். கூட்டம் நம் வீட்டில். முப்பத்தைந்து பேருக்கு மீ கோரேங், கேசரி. "நீ இல்லாம எப்படி லா நடத்துறது?" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து ஒரு கணம் குளிர்ந்துபோனேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

ஜோஷுவாவைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். "நீ அப்பாவுக்குக் கொடுத்தது டைரி இல்லடா, பிரம்பு."

பாவம், திணறினான். பிறகு, "மா, அது வெறும் எழுத்துதான்மா. நீங்களும் உங்களுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க. உங்க நாள், உங்க வரி. முதல்ல அதுல உங்க பேரைத் தேடிப் பாருங்க, எத்தனை இருக்குன்னு அதுவே சொல்லும்" என்றான்.

தேடினேன். மே பன்னிரண்டிலிருந்து இன்றுவரை –

கேத்லீன்: 471.
ஜூலியஸ்: 96. அதில் 52 பசியாறுதல்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம்கூட வரவில்லை முதலில். அப்புறம் வந்தது. வந்தது பாருங்கள், அம்மாடி! கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் அவர் கூடத்திலிருந்து "என்ன உடைஞ்சது?" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

எனக்கென்று ஒரு ஃபைல் தொடங்கினேன். பள்ளியில் இடைவேளையில், ஷாந்தினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேதி போட்டேன். நேரம் போட்டேன். பிறகு எழுதியது: அக்கா கண்ணாடி ரிப்பேர் கேட்டார். ஜோஷுவா பிறப்புச் சான்றிதழ் நகல். பக்கத்து வீட்டு மோனிக்காவுக்கு ரம்புத்தான் கொடுக்கணும். அவர் மாத்திரை.

ஷாந்தினி எட்டிப் பார்த்தாள். "டீச்சர், இது யாரோட லிஸ்ட்?"

"என்னோடதுதான்."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் சுட்டுவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன். பத்து நிமிஷம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினேன். 0430–0515 அசைன்மென்ட். அவருடைய தேத்தண்ணிக்கு முந்தைய முக்கால் மணி நேரம். அதை யாரும் இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை, அதனால்.

ஜூலை 8, செவ்வாய்

நாலு நாளாக 0430 நடக்கிறது. சனிக்கிழமை வகுப்புக்கும் போனேன். அவருடைய பட்டியலைத் திறப்பதை விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு ஃபோன் டிங் என்கிறது, அடிக்கட்டும்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

காலை ஏழு ஐந்துக்கு வாசலுக்கு வந்தால் கார் இல்லை. கூப்பிட்டேன். ஜாசின் போய்க்கொண்டிருக்கிறாராம், அக்காவைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போக. "லிஸ்ட்ல போட்டிருந்தேனே, நீ பாக்கலயா?" என்கிறார். திறந்து பார்த்தேன். ஆமாம். 0700 கார் – ஜாசின்.

கிராப் வாடகைக் கார் தேடினேன். சனிக்கிழமை காலை அலோர் காஜாவில் எவன் வருவான்? இரண்டு மணி நேரம் ரோட்டில் நின்றேன். ஒரு வழியாக ஒரு மலாய்ப் பையன் வந்தான். வகுப்புக்குள் நுழையும்போது ஒன்பது ஐம்பது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் புவான் ரொஹானாவின் மேசைக்குப் போனால், அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நேற்றே செய்தி அனுப்பினீர்களே?"

நானா? இல்லையே. அவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். என் எண். என் படம். நேற்று மாலை ஏழு நாற்பத்திரண்டு. எனக்கு உடல்நலம் குன்றியுள்ளது, நாளை விடுப்பு வேண்டுகிறேன், இப்படிக்கு கேத்லீன். மலாயில், ஒரு தப்பும் இல்லாமல், ஆபீஸ் கடிதம் மாதிரி. நான் எழுதினால் இரண்டு தப்பாவது இருக்கும். ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

"விடுப்புப் பதிவாகிவிட்டது. மருத்துவச் சான்று இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார் புவான் ரொஹானா. கோபமாகச் சொல்லவில்லை. பொய்க்காரியிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றேன். ஐம்பத்தொரு வயசு எனக்கு. புருஷன் செய்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்காக இல்லை. அதைச் சொன்னால் நான் யாராகிவிடுவேன்?

கடைசி வரிசையில் உட்கார்ந்து நாலு மணிவரை பாடம் கேட்டேன். பதிவு இல்லை. மூன்றாவதும் போயிற்று. இனி ஒன்றுகூட விட முடியாது. ஒன்றுகூட.

ஜூலை 13, ஞாயிறு

கேட்டேன். பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, ஒன்பது ஐம்பதுக்கு வகுப்பில் போய் நின்ற கதையைச் சொல்லிவிட்டு, கேட்டேன்.

"என் ஃபோன்லேர்ந்து எனக்கே லீவு எழுதினீங்களா?"

அவர் மறைக்கவே இல்லை. அதுதான் கொடுமை. "ஆமா. கார் இல்லன்னா நீ எப்படிப் போவ? சொல்லாம நின்னா உனக்குத்தானே கெட்ட பேரு? தோட்டத்துல யாருக்கு லீவு வேணும்னாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன், அவங்க கைநாட்டு வச்சிட்டுப் போவாங்க. சிரமமில்லாம எடுத்துக் கொடுத்தேன். அதுக்கு இவ்ளோ சத்தமா?"

"நான் உங்களுக்குக் கைநாட்டா?"

"யாரு அப்படிச் சொன்னது?"

"என் கையை நீங்க எடுத்து வச்சீங்கல்ல, வேற என்ன அது?"

எழுந்து போய் செடிக்குத் தண்ணி ஊற்றினார். ஆண்டவரே, உதவி செய்ததாகவே நினைக்கிறார். திருடினான் என்றால் திருப்பிக் கேட்கலாம். உதவி செய்தவனிடம் எதைக் கேட்பது?

ஃபோனுக்குப் பூட்டு மாற்றிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து இப்போது அன்னம்மாள் வரைக்கும் வந்துவிட்டது.

26ஆம் தேதி புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா. ஜோஷுவா ஏழு மாசத்தில் பிறந்து பெட்டிக்குள் கிடந்தபோது நான் நேர்ந்துகொண்டது. இருபத்து நாலு வருஷமாக விடாமல் போகிறோம். இந்த வருஷம் 26 சனிக்கிழமை. வகுப்பு.

ஜெபக்குழு பஸ் வெள்ளி மாலை ஐந்தரைக்கு ஊர்க் கோயிலிலிருந்து கிளம்புகிறது. அவர் ஏற்பாடு. பட்டியலில் இப்போதே போட்டாயிற்று: 25 வெள்ளி, 1700 நாசி லெமாக் 42 பொட்டலம், கோயிலுக்குக் கொண்டுவரல் – கேத்லீன். அடுத்த வரி: 1730 பஸ் – கேத்லீன், ஜூலியஸ்.

நேரே போய்ச் சொன்னேன். "நான் வரல. எனக்குச் சனிக்கிழமை வகுப்பு. சமைக்கவும் மாட்டேன்."

"நேர்ச்சைடி அது."

"நேர்ந்தது நான்தான். அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரி சரி, பாப்போம்" என்றார். வரி அப்படியே இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

வாயால் சொன்னால் அவருக்குக் கேட்காது. எழுதினால்தான் ஏறும் போலிருக்கிறது. ஃபைலைத் திறந்து அந்த நாசி லெமாக் வரிக்குக் கீழே நானே எழுதினேன்: கேத்லீன் செய்ய மாட்டாள். பஸ்ஸில் வர மாட்டாள்.

ஜூலை 19, சனி

வகுப்புக்குப் போனேன். வந்து பார்த்தால் என் வரி இல்லை. அழித்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்றாவது முறை சொன்னேன், சாப்பாட்டு மேசையில், நிதானமாக. அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "எழுதியாச்சு கேத். நாப்பத்திரண்டு பேர்கிட்ட சொல்லியாச்சு" என்றார்.

எழுதியாச்சு! அவருக்கு அவ்வளவுதான் உலகம். செக்ரோலில் எழுதினால் மரம் வெட்டுப்படும், பால் வந்து சேரும். யார் வெட்டினார்கள், யார் தூக்கிவந்தார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இருபத்தொன்பது வருஷமாக அவருக்கு வரவில்லை.

நான் நாலாவது முறை சொல்லப்போவதில்லை.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் பன்னிரண்டு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டார், யாரோ வந்து அழைத்துப்போனார்கள். தேங்காய் பத்து வாங்கி வைத்திருக்கிறார். பண்டான் இலை கட்டாக மேசைமேல்.

ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மணிக்கு என் கை தானாக அரிசி வாளிக்குள் போய்விட்டது. பஸ்ஸில் வருகிற கிழவிகள், சர்க்கரை நோய்க்காரர்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. படி அரிசியை அளந்தும் விட்டேன். அப்புறம் அந்த அழிக்கப்பட்ட வரி ஞாபகம் வந்தது. அரிசியைத் திரும்ப வாளியில் கொட்டினேன். வீட்டில் இருந்தால் சமைத்துவிடுவேன் என்று பயந்து, காரை எடுத்துக்கொண்டு புலாவ் செபாங்கில் ஷாந்தினி வீட்டுக்கு ஓடிவிட்டேன். என் கைக்குப் பயந்து ஓடினேன், அவருக்குப் பயந்து இல்லை.

ஐந்து நாற்பதுக்குக் கூப்பிட்டார்.

"எங்க இருக்க? சாப்பாடு எங்க?"

"எந்தச் சாப்பாடு?"

"லிஸ்ட்ல இருக்கே! அஞ்சு மணி, நாப்பத்திரண்டு பொட்டலம்!"

"அதுக்குக் கீழ நான் ஒரு வரி எழுதியிருந்தேனே. அது எங்கங்க?"

பின்னால் பஸ் உறுமுகிற சத்தம், யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்குகிற சத்தம். நான் வைத்துவிட்டேன்.

அன்னம்மாளே, நீயும் வீட்டு வேலை செய்த பொம்பளைதான். கோபித்துக்கொள்ளாதே.

ஜூலை 26, சனி

வகுப்பு. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்பே. புவான் ரொஹானா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜூலை 27, ஞாயிறு

அவர் மத்தியானம் வந்தார். பையை வைத்தார், குளித்தார், படுத்தார்.

நடந்ததைப் பக்கத்து வீட்டு மோனிக்கா வந்து சொன்னாள், வேலி ஓரமாக, பாதி சிரிப்பும் பாதி பயமுமாக. சாப்பாடு இல்லை என்றதும் ஓடிப்போய் மாமாக் உணவுக்கடையில் நாற்பத்திரண்டு ரொட்டி சானாய் சொன்னாராம். ஒன்றேகால் மணி நேரம். பஸ் டிரைவர் வாய்க்கு வந்தபடி பேசினானாம். அதற்குப் பிறகு இவர் பஸ்ஸில் ஏறி, ஃபோனைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாராம், வழக்கம்போல. பட்டியலில் என் பெயரும் இருந்ததே, அதையும் கூப்பிட்டுவிட்டார்.

"பஸ்ஸே கப்சிப்புன்னு ஆயிடுச்சுக்கா. நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'அண்ணே, அக்காவுக்குச் சனிக்கிழமை கிளாஸ்னு தாமான் முழுக்கத் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?'ன்னு கேட்டுட்டேன். தப்பாக்கா?"

"தப்பில்ல" என்றேன். உள்ளே வந்து சமையலறையில் நின்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு கசந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேர் முன்னால் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் பார்த்த முகம்.

ஆனாலும் சொல்கிறேன், நான் அளந்த அரிசியைத் திரும்பக் கொட்டியது சரிதான்.

ஜூலை 28, திங்கள்

பேரை வெட்டிவிட்டார்.

மாலை ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. தேத்தண்ணி – வெறும் கோடு. சட்டை – கோடு. என் பெயர் ஒன்றில்கூட இல்லை. தோட்டத்தில் அதுதான் பெரிய தண்டனை. செக்ரோலில் பேரை வெட்டினால் வேலை போச்சு, வீடு போச்சு, மூட்டையைக் கட்டு. அதை எனக்குச் செய்கிறாராம். முதலில் வாய்விட்டே சிரித்தேன். அப்பாடா, விட்டது சனி!

பிறகு மேலே தள்ளிப் பார்த்தேன். நேற்று, முந்தாநாள், ஜூலை, ஜூன், மே. எங்கும் இல்லை. தேடினேன். கேத்லீன்: 0. ஃபைல் முழுக்க என் பெயரை ஒரே அழுத்தில் எடுத்திருக்கிறார். அக்கா வீட்டில் நாள் முழுக்கக் கழுவினேனே, அந்த வரி இருக்கிறது, 1 இருக்கிறது, பேர் இல்லை. முப்பத்தைந்து பேருக்குச் சமைத்த வரி இருக்கிறது. யார் சமைத்தது? யாரும் இல்லை. பேய் வந்து சமைத்துவிட்டுப் போயிருக்கிறது.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துக்குப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை நிறுத்தினேன்.

"கிராணியாரே" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒண்ணு கேக்கறேன். தோட்டத்துல பேரை வெட்டினா, அவன் அதுவரைக்கும் வேலை செஞ்ச நாளையும் வெட்டுவீங்களா?"

அவர் ரிமோட்டைத் தேடினார்.

"எங்கப்பாவைக் குடிச்சிட்டு வந்தாருன்னு பேர் வெட்டினாங்க. அப்பவும் செஞ்ச பதினேழு நாளு செக்ரோல்ல இருந்துச்சு. எந்தக் கிராணியும் அதைத் தொடல. நீங்க தொட்டுட்டீங்க."

அவருக்கு முகம் செத்துவிட்டது. பஸ்ஸில்கூட அப்படி ஆகியிருக்காது.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் தேத்தண்ணி போட்டேன், ஒரு கோப்பை, எனக்கு.

ஜூலை 31, வியாழன்

மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். என்ன என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு அவரே கேட்டார், தலையைத் தூக்காமல். "மே பத்தொன்பது. மிளகாய் அரைச்சது நீதானே?"

"வேற யாரு, அன்னம்மாளா?"

ஒவ்வொரு வரியாக என் பேரைத் திரும்ப எழுதுகிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜோஷுவா கூப்பிட்டான். "மா, அப்பா என்னவோ ஃபைலை நாசம் பண்ணிட்டாராம். பழைய காப்பி எங்கிட்ட இருக்கு. ஒரு நிமிஷத்துல திருப்பிடலாம்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லமா."

"சொல்லாதே. வாயைத் திறந்த, தெரியும் சேதி."

ஆகஸ்ட் 2, சனி

வகுப்பு. திரும்பி வந்தபோது ஜூன் பாதிக்கு வந்திருந்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சட்டையை அவரே இஸ்திரி போடுகிறார். காலரைக் கருக்கிவிட்டார் ஒன்றில். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். கருகட்டும். சட்டைதானே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு மறுபடி மேசை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தட்டுகிற சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஜூலை பன்னெண்டு" என்றார். "அன்னைக்கு என்ன போடறது?"

"என்ன நடந்துச்சோ அதைப் போடுங்க."

"உனக்குச் சுழி போட்டிருக்கேன் அன்னைக்கு."

நான் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தேன். அவர் தட்டினார். நிறுத்தினார். அழித்தார். திரும்பத் தட்டினார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார், செடிக்குத் தண்ணி ஊற்ற. அப்போதுதான் மழை விட்டிருந்தது.

என் ஃபோனில் திறந்து பார்த்தேன்.

12.07 சனி. 0700 கேத்லீன் வகுப்புக்குத் தயார். கார் எடுத்தது – ஜூலியஸ். பொய் லீவு எழுதியது – ஜூலியஸ். 0950 கேத்லீன் வகுப்பில் ஆஜர். முழு நாள். 1

வாயால் ஒரு வார்த்தை சொல்ல வராது இந்த மனுஷனுக்கு. எழுதத்தான் வரும். எழுதினார்.

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். இதை அன்றைக்கே எழுதியிருக்கக் கூடாதா? அப்புறம் கொஞ்சம் கோபமில்லாமலும் அழுதேன். கீரை பாதிதான் ஆய்ந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முடித்துவிட்டார். தேடிப் பார்த்தேன். கேத்லீன்: 638.

இரவுச் சோறு பரிமாறும்போது, "இவ்ளோ வேலையா" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

ஆகஸ்ட் 23, சனி

வகுப்பு. என் ஃபைலில் இப்போது தினம் நாலு வரி. எல்லாம் என் பேர். 0430ஐ எடுத்துவிட்டேன். அசைன்மென்ட் இப்போது மாலை ஐந்து மணிக்கு, கூடத்து மேசையில், வெளிச்சத்தில்.

ஆகஸ்ட் 30, சனி

கடைசி வகுப்பு. புவான் ரொஹானா பதிவேட்டைத் திருப்பி எனக்குக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பதின்மூன்றில் பத்து. பத்து போதும்.

வீட்டுக்கு வர ஐந்து மணி. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், ஃபோன் கையில். ஆறு மணிக்குப் பட்டியல் போட வேண்டுமே. செருப்பைக் கழற்றினேன். பையை வைத்தேன். அவர் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, இந்த வீட்டில் இதுவரை யாரும் என்னைக் கேட்காததைக் கேட்டார்.

"நாளைக்கு உனக்கு என்ன வேலை இருக்கு, கேத்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

குளித்தேன். தலை துவட்டினேன். தேத்தண்ணி போட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று ஆற அமரக் குடித்தேன். யோசிக்கவே இல்லை. உள்ளே வந்தபோது மணி ஆறரை தாண்டியிருந்தது. பட்டியல் வரவில்லை. அவர் விரலை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.